ரிஷி கங்கை வழியே ஐவர்: ஷிப்டன், டில்மன் மேற்கொண்ட 1934 நந்தா தேவி பயணம்

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ள நந்தா தேவி 7,816 மீட்டர் உயரம் கொண்டது. முழுமையாக இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களில் இதுவே மிக உயரமானது. ஆங்கிலேயர் நில அளவையில் இதன் உயரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்கிடப்பட்டுவிட்டது. ஆனால் 1934 வரை இம்மலையின் அடிவாரத்தில் எவரும் கால் வைத்ததாகப் பதிவில்லை. தொலைவிலுள்ள ராணிகேத், அல்மோரா ஊர்களிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும் ஒரு மலையை அணுகவே ஐம்பது ஆண்டுகளாக முடியவில்லை என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

அந்த ஆண்டு கோடையில் எரிக் ஷிப்டன், எச். டபிள்யூ. டில்மன் என்ற இரு நண்பர்கள் சொந்தப் பணத்தில், தாமே மூட்டை சுமந்து அங்கே சென்று சேர்ந்தனர். மலையேற்ற வரலாற்றில் இது இரு நண்பர்களின் பயணம் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. உண்மையில் நடந்தவர்கள் ஐந்து பேர். ஆங் தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்கள் ஐந்து மாதமும் உடனிருந்தனர். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் இப்பயணம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை விளக்க முடியாது.

மதிலும் வாசலும்

நந்தா தேவியின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பெரிய கோயில் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் மூலவர் போலச் சிகரம் நிற்கிறது. அதைச் சுற்றிச் சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர் ஒரு திருச்சுற்று மதிலாக வளைந்து செல்கிறது. இந்த மதிலில் 6,400 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களே ஒரு டஜன் இருக்கின்றன. மதில் தாழும் இடங்களும் ஏறத்தாழ 5,200 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மேற்கே மட்டும் ஒரு பிளவு உண்டு. உள்ளே உருகும் பனி முழுவதும் ரிஷி கங்கையாகத் திரண்டு அந்தப் பிளவின் வழியே வெளியேறுகிறது. கோயிலுக்கு இருக்கும் ஒரே வாசலும் இதுதான். ஆனால் இருபுறமும் செங்குத்துப் பாறை, அடியில் ஆறு, நடக்கக் கரை இல்லை.

கீழே உள்ள லாட்டா முதலிய கிராமத்தாருக்கு நந்தா தேவி பார்வதியின் வடிவம். ஏழு ரிஷிகள் தவம் செய்ய அந்த இடுக்குக்குள் சென்றார்கள் என்பது ஆற்றின் பெயருக்கு அவர்கள் சொல்லும் காரணம். ஆடு மேய்ப்பவர்கள் துராசி, திப்ருகேட்டா என்ற மேய்ச்சல் வெளிகள் வரை கோடையில் செல்வார்கள். அதற்கு மேல் செல்வதில்லை.

1883இல் டபிள்யூ. டபிள்யூ. கிரஹாம் இந்த இடுக்கின் வழியே செல்ல முயன்று திரும்பினார். 1905இல் டாம் லாங்ஸ்டாஃப் கிழக்கு மதிலின் ஒரு கணவாய் மீது ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார், இறங்க வழியில்லை. 1907இல் அவர் அருகிலுள்ள திரிசூல் சிகரத்தை ஏறினார், ஆனால் இடுக்கின் மேற்பகுதி அவரையும் தடுத்தது. அல்மோராவில் துணை ஆணையராக இருந்த ஹியூ ரட்லெட்ஜ் வெவ்வேறு பக்கங்களிலிருந்து முயன்றார். அவரது கடைசி முயற்சி 1932இல் தோற்றது. இவர்கள் எவரும் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். சிலருடன் ஆல்ப்ஸ் மலையின் சிறந்த வழிகாட்டிகளும் வந்திருந்தனர்.

இரு நண்பர்கள்

எரிக் ஷிப்டன் 1907இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை தேயிலைத் தோட்டக்காரர். மகனுக்கு மூன்று வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட பையன் ஷிப்டன். பின்னாளில் மலை இலக்கியத்தின் நல்ல உரைநடையாளர்களில் ஒருவரானார். டில்மன் 1898இல் இங்கிலாந்தில் பிறந்தார். பள்ளி முடிந்ததும் முதல் உலகப் போருக்குப் போய், பீரங்கிப் படையில் இருமுறை வீரப்பதக்கம் பெற்றவர். போருக்குப் பின் கென்யாவில் காப்பித் தோட்டம் போட்டார். ஷிப்டனும் காப்பித் தோட்ட வேலைக்காகவே கென்யாவுக்குச் சென்றார்.

1929இல் கென்யா மலையின் உச்சியை ஷிப்டன் எட்டிய செய்தி அறிந்து டில்மன் அவருக்குக் கடிதம் எழுதினார். நட்பு அப்படித்தான் தொடங்கியது. 1930இல் இருவரும் கிளிமஞ்சாரோவிலும் பின்னர் கென்யா மலையிலும் ஏறினர். அங்கே ஒரு சிறு சிகரத்தில் டில்மன் சறுக்கி விழுந்து மயங்கியபோது கயிற்றின் மறுமுனையில் ஷிப்டன் இருந்தார். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒன்பது ஆண்டு. ஷிப்டன் பேசப் பிடித்தவர், எதையும் விவாதிப்பவர். டில்மன் வாய் திறக்காதவர். பல ஆண்டுகள் ஒரே கூடாரத்தில் உறங்கிய பின்னும் இருவரும் குடும்பப் பெயரைச் சொல்லியே அழைத்துக்கொண்டார்கள். 'எரிக்' என்று கூப்பிடக் கூடாதா என ஷிப்டன் ஒருமுறை கேட்டதற்கு, அது கேட்கவே அசட்டுத்தனமாக இருக்கிறது என்று டில்மன் மறுத்துவிட்டாராம். ஷிப்டனே தன்வரலாற்றில் சொன்ன செய்தி இது.

1932இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்த விபத்தில் டில்மனுடன் ஏறிய ஒருவர் இறந்தார். முதுகில் காயத்துடன் டில்மன் பல மைல் ஊர்ந்து சென்று உதவி தேடினார். இனி ஏற முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் உகாண்டாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை வரை மிதிவண்டியில் சென்றார். அதே 1933இல் ஷிப்டன் எவரெஸ்ட் பயணத்தில் இருந்தார். அங்கே நூற்றுக்கணக்கான சுமை விலங்குகள், பெட்டி பெட்டியாக உணவு, பெரிய குழுவுக்குள் இயல்பாக எழும் உரசல்கள் ஆகியவற்றைக் கண்டு அவர் சலித்துப் போயிருந்தார். ஒரு மலைக்குப் போக இத்தனை பேர் வேண்டுமா என்பது அப்போது அவர் மனத்தில் எழுந்த கேள்வி. அந்த நேரத்தில் டில்மன், ஏரி மாவட்டத்தில் இரண்டு வாரம் ஏறலாமா என்று கேட்டு எழுதினார். ஷிப்டனின் பதில், இமயத்தில் ஏழு மாதம் கழிக்கலாம் என்பது.

செலவும் சாப்பாடும்

1934 ஏப்ரலில் சரக்குக் கப்பல் ஒன்றில் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். கப்பல் கட்டணம் உட்பட முழுப் பயணத்துக்கும் இருவருக்கும் சேர்த்து ஆன செலவு 300 பவுனுக்கும் குறைவு. அக்காலத்துப் பெரிய பயணங்களுக்குப் பல ஆயிரம் பவுன் தேவைப்பட்டது.

இந்தச் சிக்கனம் வெறும் பணப் பிரச்சினை அன்று. ரிஷி கங்கையில் முன்பு சென்றவர்கள் திரும்பியதற்குப் பாறை மட்டுமே காரணமாக இருக்கவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் சுமைதூக்கிகள் அதிகம் வேண்டும்; சுமைதூக்கிகளுக்கான உணவைச் சுமக்க இன்னும் சுமைதூக்கிகள் வேண்டும். அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராகச் செல்லக்கூடிய பாதை அந்த இடுக்கில் இல்லை. ஐந்து பேருக்கான ஐந்து வார உணவு மட்டும் என்றால், அதைச் சிறிது சிறிதாக நகர்த்திவிடலாம். ஷிப்டனும் டில்மனும் கண்டுபிடித்தது புதிய பாறையேற்ற உத்தி அல்ல, இந்த எளிய கணக்குதான் என்று சொல்லலாம்.

எனவே ஐரோப்பிய டப்பா உணவுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஷெர்பாக்கள் உண்பதையே தாங்களும் உண்பது என்று முடிவு செய்தனர். கோதுமை மாவு, அரிசி, பருப்பு, நெய், தேநீர், வறுத்த வாற்கோதுமை மாவு ஆகியவை முக்கிய உணவு. கடைசியாகச் சொன்னதைத் திபெத்தியர் 'த்ஸம்பா' என்பர். நம் சம்பா அரிசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேநீரில் பிசைந்து உண்ணும் ஒரு வகைச் சத்துமாவு என்று கொள்ளலாம்.

மூன்று ஷெர்பாக்களும் டார்ஜிலிங்கிலிருந்து வந்தனர். இவர்களில் ஆங் தார்கே நேபாளத்தின் கும்பு பகுதியைச் சேர்ந்தவர். 1933 எவரெஸ்ட் பயணத்தில் மிக உயர்ந்த முகாம் வரை சுமை கொண்டு சென்றவர். அக்காலப் பயணங்களில் வெள்ளையர் கூடாரம் வேறு, உணவு வேறு. சுமை முழுவதும் உள்ளூரார் முதுகில். இங்கே ஐவரும் சுமந்தார்கள், ஒரே சோற்றை உண்டார்கள். சமத்துவம் முழுமையானது என்று மிகைப்படுத்தக் கூடாது. ஷெர்பாக்கள் கூலிக்கு வந்தவர்கள். எங்கே போவது என்ற முடிவு மற்ற இருவருடையது. ஆயினும் 1934இல் இது பெரிய மாற்றம்.

ஒன்பது நாள், சில மைல்

மே மாதம் ராணிகேத்திலிருந்து நடந்து, குவாரி கணவாயைத் தாண்டி ஜோஷிமடம் சேர்ந்தனர். அங்கிருந்து மேற்கு நேபாளத்தின் டோட்டி பகுதியைச் சேர்ந்த சுமைதூக்கிகள் சிலருடன் ரிஷி கங்கையை நோக்கித் திரும்பினர். ஆடு மேய்ப்பவர்கள் கோடையில் எளிதாகக் கடக்கும் மேட்டில் அப்போது இடுப்பளவு பனி கிடந்தது. டோட்டிக்காரர்கள் அதில் சுமையோடு புரண்டு துராசியை அடைந்தார்கள். இன்னும் மேலே, ரமணி என்ற சிற்றாறு ரிஷி கங்கையில் கலக்கும் இடம் வரை வந்து, கூலி பெற்றுத் திரும்பினர். இவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

அந்தச் சங்கமத்திலிருந்து உள் வெளிவரை எஞ்சியது ஏறத்தாழ நான்கு மைல். மே 28 முதல் ஜூன் 6 வரை, ஒன்பது நாள் ஆயிற்று. பாறையில் அங்கங்கே ஓரடி, ஈரடி அகலத்தில் விளிம்புகள் இருந்தன. ஒரு விளிம்பு முடியும் இடத்தில் அடுத்த விளிம்பு மேலேயோ கீழேயோ தொடங்கும். அப்படி ஒன்று தொடங்குகிறதா என்பது விளிம்பின் முனைவரை போய்ப் பார்த்தால்தான் தெரியும். வழி கிடைத்ததும் திரும்பி வந்து சுமையைத் தூக்கிச் சென்று வைப்பார்கள். மறுபடி திரும்பி அடுத்த சுமை. செங்குத்தான இடங்களில் மூட்டைகளைக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஆகவே நான்கு மைல் என்பது காகிதத்தில்தான் நான்கு மைல்.

ஒரு கட்டத்தில் தென்கரை முடிந்துபோனது போலத் தோன்றியது. ஆற்றைக் கடந்து வடகரையை முயன்றனர். பனி உருகி ஓடும் ஆறுகள் காலையில் தாழ்ந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். இடுப்புவரை உறைகுளிர் நீரில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தனர். வடகரையிலும் வழி இல்லை. மீண்டும் அதே ஆற்றைக் கடந்து தென்கரைக்கே வந்தார்கள். கடைசியில் ஒரு பாறை முகட்டுக்கு மேலே போகும் பாதை திறந்தது. அதன்மேல் நின்றபோது புல்வெளியும் பூக்களும், அவற்றுக்கு அப்பால் பனியாறுகளும், நடுவில் நந்தா தேவியும் தெரிந்தன. முன்னே சென்றவர்கள் திரும்பிய இடத்துக்கும் இந்த முகட்டுக்கும் இடையே இருந்தது சில நாள் பொறுமைதான் என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். வழி உண்டு என்று தெரியாமல் அந்தப் பொறுமையைக் காட்டுவது வேறு விஷயம்.

மூன்று வாரம் வடபகுதியை அளந்து வரைபடம் தயாரித்தனர். பருவமழை தொடங்கியதும் வெளியேறினர்.

மூங்கில் குருத்து

மழைக்காலத்திலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி ஆகிய மூன்று தலங்களுக்கும் இடையிலுள்ள நீர்ப்பிரிமேட்டைக் கடந்து பார்க்க முடிவு செய்தார்கள். பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்தான். சாலை வழி 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே பூசாரி ஒரே நாளில் இரு கோயிலிலும் பூசை செய்தார் என்று ஒரு பழங்கதை அப்பகுதியில் வழங்குகிறது. அந்த வழி இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை ஷிப்டனுக்கு.

சதோபந்த் பனியாற்றின் தலைப்பில் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கினர். மூடுபனியில் உடைந்த பனிச்சரிவுகளைக் கடந்து ஆயிரக்கணக்கான அடி இறங்கிய பின், மேலே திரும்ப முடியாது என்பது உறுதியாயிற்று. கீழே அடர்ந்த காடு. மழை ஓயவில்லை. உணவு தீர்ந்தது. குறுக்கே வந்த ஓடைகளை மரம் வெட்டிப் போட்டுக் கடக்க வேண்டியிருந்ததால், சில நாட்களில் ஒரு மைல்கூட நகர முடியவில்லை. அவர்களைக் காப்பாற்றியது மூங்கில் குருத்து. எந்தக் குருத்து தின்னத் தகுந்தது, எந்தக் காளான் நஞ்சற்றது, ஈர விறகில் எப்படித் தீ மூட்டுவது என்பதெல்லாம் ஷெர்பாக்களின் அறிவு. கரடிகளுக்கும் அதே குருத்துதான் உணவு என்பதால், இரு தரப்பும் ஒரே காட்டில் அறுவடை செய்தன. கடைசியில் ஒரு மலைக்கிராமத்தில் மாவு கிடைத்தபோது எல்லோரும் எலும்பாக இருந்தனர்.

என் பார்வையில் இந்தப் பகுதியே ஐந்து மாதத்தின் மையம். ரிஷி கங்கையில் நண்பர்கள் இருவரின் பாறையேற்றத் திறன் முக்கியமாக இருந்தது. இங்கே அது பயன்படவில்லை. யார் யாரை அழைத்துச் சென்றார் என்ற கேள்விக்கு இங்கே விடை மாறுகிறது.

செப்டம்பரில் மீண்டும் அதே இடுக்கின் வழியே உள்ளே சென்று தென்பகுதியை அளந்தனர். டில்மனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாததால், ஷிப்டன் ஷெர்பாக்களுடன் மைக்தோலி சிகரத்தை (6,803 மீ.) ஏறினார். நந்தா தேவியின் தெற்கு முகட்டில் ஏற வழி உண்டு என்பதையும் கண்டுகொண்டார்கள். வந்த வழியே திரும்பாமல், தெற்கு மதிலில் சுந்தர்துங்கா கணவாயைக் கடந்து, சுமைகளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மிக ஆபத்தான ஒரு பனிச்சரிவின் வழியே இறங்கினர்.

பிறகு

1936இல் ஆங்கிலேய, அமெரிக்கக் குழு ஒன்று அதே வழியில் சென்றது. ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் நோயல் ஓடெலும் உச்சியை அடைந்தனர். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை மனிதர் அடைந்த மிக உயரமான சிகரம் நந்தா தேவியே. வழி கண்ட ஷிப்டன் அன்று உச்சியில் இல்லை. அந்தக் கோடையில் அவர் எவரெஸ்டுக்குச் சென்றிருந்தார். அந்த 1936 பயணத்தில் கிதார் என்ற ஷெர்பா நோயுற்று இறந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஷிப்டன் 1935இல் எவரெஸ்டுக்கு ஒரு சிறிய குழுவை நடத்திச் சென்றார். டென்சிங் நோர்கே என்ற இளைஞர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பயணத்தில்தான். எவரெஸ்ட் ஏறப்பட்ட 1953 பயணத்தின் தலைமை முதலில் ஷிப்டனுக்கே வழங்கப்பட்டது. பின்னர் அது பறிக்கப்பட்டு ஜான் ஹண்டிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய குழுக்களில் அவருக்கு நம்பிக்கை இல்லாதது அந்த முடிவுக்கு ஒரு காரணம். டில்மன் ஐம்பது வயதைத் தாண்டிய பின் பாய்மரப் படகில் துருவக் கடல்களுக்குச் செல்லத் தொடங்கினார். ஷிப்டன் 1977 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, 79 வயது டில்மன் சென்ற படகு தென் அட்லாண்டிக்கில் காணாமல் போனது.

ஆங் தார்கே 1950 அன்னபூர்ணா பயணத்தின் ஷெர்பா தலைவராக இருந்தார். பின்னாளில் அவரது நினைவுக் குறிப்புகள் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாய்மொழியாகச் சொன்னவை அவை. பசாங்கும் குசாங்கும் சொல்லியிருக்கக் கூடியவை எழுதப்படவில்லை.

இடுக்குக்கு அப்பால் இருந்த புல்வெளியின் கதை வேறு விதமாகப் போனது. 1939இல் அது விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1965இல் அமெரிக்க, இந்திய உளவு அமைப்புகள் சேர்ந்து, சீன அணுச் சோதனைகளைக் கண்காணிக்கப் புளூட்டோனியத்தால் இயங்கும் கருவி ஒன்றைச் சிகரத்தில் வைக்க முயன்றன. புயலில் பாதியில் விட்டுவந்த கருவி மறு ஆண்டு தேடியபோது கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. 1974இல் வெளிநாட்டு மலையேறிகளுக்கு அனுமதி திறந்ததும் குழு குழுவாக வந்தனர். விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, கஸ்தூரி மான்கள் வேட்டையாடப்பட்டன, முகாம்களில் டப்பாக்கள் குவிந்தன. 1982இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டு, 1983 முதல் உள்வெளி எல்லோருக்கும் மூடப்பட்டது. 1993இல் இந்திய ராணுவக் குழு ஒன்று சென்று குப்பை அகற்றியது. ஐவர் விட்டுச் சென்ற குப்பை அதில் அநேகமாக எதுவும் இருந்திருக்காது. ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நடந்தது அந்த ஐவர் கண்ட வழியில்.

மூடல் மலையேறிகளை மட்டும் பாதிக்கவில்லை. லாட்டா, ரேணி கிராமத்தார் ஆடுகளை மேய்த்த துராசியும் திப்ருகேட்டாவும் பூங்கா எல்லைக்குள் வந்தன. மேய்ச்சல் போயிற்று, சுமைதூக்கி, வழிகாட்டி வேலைகளும் போயின. உரிமை கேட்டு 1998இல் கிராம மக்கள் பூங்காவுக்குள் ஊர்வலமாக நுழைந்தனர். 2000களில் வெளிச்சுற்றின் ஒரு பகுதி மட்டும், எண்ணிக்கை வரம்புடன், உள்ளூர் வழிகாட்டிகளோடு நடப்பவர்களுக்குத் திறக்கப்பட்டது. ரமணி சங்கமத்துக்கு மேலே, ஒன்பது நாள் எடுத்த அந்த நான்கு மைல் அனுமதியில் சேரவில்லை.